அலமாரிக் கதவில் ஏழாவது பெயர்

மாலத்தீவு,
2.7.1998

ஜாய்ஸ் அப்பாவுக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? ஜாய்ஸுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு வேடிக்கை. வகுப்பு அலமாரியின் உள்கதவில் பிள்ளைகள் தங்கள் டீச்சர்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் ஆறு பேர், எல்லாரும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, விட்டுப்போன தேதி. நான் வந்த அன்றே ஏழாவதாக ‘ஃபிளோரா’ என்று எழுதிவிட்டார்கள். எதிரே இடம் காலி. ஜாய்ஸ் உயரத்தில் ஒரு பெண், தினமும் பேனாவோடு வந்து, எப்போது போவீர்கள் என்று கேட்பாள். சிரித்துவிடுவேன். ஆனால் அலமாரியைத் திறந்தால் அந்த ஆறு பேரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது.

ஜாய்ஸ் வகுப்புக்கு இன்னும் டீச்சர் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் கணக்கு நோட்டில் நாலு பக்கம் கிழித்து அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

டீச்சர் நியமனத்துக்குப் புதுச் சட்டம் வந்தால், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புப்படி நிரப்புவார்களாமே. என் வேலைவாய்ப்பு அட்டை நம் வீட்டு பைபிளுக்குள் இருக்கிறது. ஆகஸ்டுக்குள் நாகப்பட்டினம் போய்ப் புதுப்பித்துவிடுங்கள். "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். தேதி தப்பினால் பதினோரு வருஷம் காத்திருந்த மூப்பு போய்விடும்.

தபால் படகு கிளம்புகிறது. அந்தப் பெண் நேற்று ஒன்றும் கேட்கவில்லை. போகும் தேதியை நானே எழுதிக்கொள்ளட்டும் என்று பேனாவை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஃபிளோரா