வெட்டாத வயிறு

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டு எடை மெஷின் நூற்று முப்பதுக்கு மேல் போனால் E என்று மட்டும் காட்டுகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வாராவாரம் எடை அனுப்பச் சொல்கிறார்கள். அதனால் களம்பூர் ரைஸ் மில்லுக்குப் போய், மூட்டை நிறுக்கும் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். 149.

மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சொன்னார்: "ரெண்டு மூட்டைக்கு ஒரு கிலோ கொறச்சல். தெச்சி லாரில ஏத்திடலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதுக்குச் சிரிச்சேன்? டிப்ளமா படித்து, ஆரணியில் பாதிப் பேருடைய, தறிக்கு மேல் உட்கார்ந்து புடவை டிசைன் போடுகிற எலக்ட்ரானிக் ஜக்கார்டு மெஷினை ரிப்பேர் பார்க்கிறவன், மூட்டை நிறுக்கிற இடத்தில் நின்று இளித்துக்கொண்டிருக்கிறேன். கேவலம்.

பிப்ரவரி 6, வியாழன்

சென்னை போய் வந்தேன். ஆபரேஷனுக்கு மார்ச் 3 என்று தேதி குறித்தாகிவிட்டது.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழம் மாதிரித் தைத்துவிடுவார்களாம். தொட்டியைச் சின்னதாக்குகிற வேலை, இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில். என் கல்லீரல் கொழுத்து வீங்கி இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. அது சுருங்கினால்தான் கருவி உள்ளே போக இடம் கிடைக்கும். அதற்காக ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் புரோட்டீன் பவுடர், தெளிந்த சூப், மோர். மெல்லுகிற எதுவும் கிடையாது. "இதுல ஏமாத்தினீங்கன்னா நீங்க ஏமாத்துறது என்னை இல்ல" என்றார் டாக்டர். எல்லா நோயாளியிடமும் சொல்கிற வசனம்.

தூக்கத்தில் மூச்சு நிற்கிற ரிப்போர்ட்டையும் காட்டினார். எனக்கு அது புதிதில்லை. அப்பா நாற்பத்தேழு வயதில் அப்படித்தான் போனார். அன்று ராத்திரி குறட்டை நின்றுவிட்டதே என்று அம்மா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். விடிந்த பிறகுதான் தெரிந்தது.

ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவிடம் ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "வயித்த அறுத்துக்கிற அளவுக்கு உனக்கு நான் இன்னாத்தடா போட்டுட்டேன்?"

"நீ போட்டதுக்கு இல்லம்மா."

"பின்ன யாரு போட்டது?"

இவளோடு பேசினால் எல்லாமே சோற்றில்தான் போய் முடியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ஒருத்தரிடம்தான் சொன்னாளாம். அந்த ஒருத்தர் யார் என்று கேட்டால், பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள். ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியிருக்கலாம், செலவு குறைந்திருக்கும்.

இப்போது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக போன் செய்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் சாப்பிடவே முடியாதாம். அதனால் முன்னாடியே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம். புது மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு விருந்து வைப்பார்களே, அந்த மாதிரி. பெண் கிடைக்காதவனுக்கு வயிற்றை வெட்டுவதை ஒட்டி விருந்து! எந்த வீட்டில் என்றைக்கு என்று அம்மா உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருக்கிறாள். கல்லீரல் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது, இந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்காவது தெரியுமா? ஆட்டுக் கல்லீரல் மட்டும் தெரியும், மிளகு போட்டு.

பிப்ரவரி 17, திங்கள்

திரவம், முதல் நாள். பவுடர் ஈரச் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது.

சேவூர் பக்கத்தில் ஒரு தறி. ஜக்கார்டு மேலே இருக்கிறது, ஏற வேண்டும். நான் ஏறுவதற்குள் தறிக்காரர் ஓடிப்போய்ப் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை செருகினார். நன்றி சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

போய்விட்டேன். சாப்பிட்டுவிட்டேன்.

சந்திரமோகன் மாமா, அம்மாவுடைய தம்பி, பட்டு வியாபாரம். நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க அத்தை விடியக்காலைலேர்ந்து அடுப்பங்கரைல நிக்குறா. வந்து குந்து, ரெண்டு வாய் துன்னு, அவ மனசுக்கு." இரண்டு வாய்தானே, அதை அன்றைய பவுடர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். எல்லாம் தெரிந்த நான்கூட.

கறிக்குழம்பு, சுக்கா, தலைக்கறி, முட்டை. திலகவதி அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் எங்காவது பச்சை தெரிந்தால் போதும், உடனே அதை மூடிவிடுகிறாள். "சாப்டு தம்பி. இனிமே எந்த ஜென்மத்துல?" என்று சொல்லி அழவும் செய்தாள். அழுகிற பெண்ணுக்கு எதிரில் வேண்டாம் என்று கையை எப்படி நீட்டுவது?

சும்மா சொல்லாதடா. அவ அழுததுக்காகவா துன்ன? நல்லா இருந்துச்சு, துன்ன.

பிப்ரவரி 27, வியாழன்

இந்த ஊரில் ஒரு வீட்டில் கை நனைத்தால் மற்ற வீடுகள் சும்மா விடாது. "சந்திரமோகன் வூட்டுல துன்னுட்டு நம்ம வூட்டுக்கு வரலைன்னா நாங்க இன்னா கேவலமா?" இதே கேள்வி ஐந்து வீட்டில். ஐந்து வீட்டுக்கும் போனேன். இடையிடையே பவுடரும் குடித்தேன், யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை. எடை அனுப்பும்போது மில்லுக்குப் போகவில்லை. மனசில் தோன்றிய எண்ணை அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எடை தெரிந்துவிடும். இரண்டு கிலோ கூடக் குறைய இருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

கண் விழித்தபோது வயிற்றில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஓட்டை போட்டு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கல்லீரல் அசையவே இல்லையாம், தூக்கிப் பிடித்தால் கிழிந்து ரத்தம் வரும் நிலையாம். அப்படியே மூடிவிட்டார்கள். வெட்டவில்லை. டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் அவமானமாக இருந்தது. "இன்னும் ஆறு வாரம். ஒழுங்கா இருந்தா மறுபடியும் பார்க்கலாம். இல்லைன்னா என்னால முடியாது, வேற யாராலயும்கூட முடியாது." இந்த இரண்டு வாரம் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். தலைக்கறி என்று சொல்லும்போது என் குரலே இறங்கிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

அம்மாவுக்குத் தெரியாது.

டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அம்மா எதிரில் இருந்த கோயிலுக்குப் போயிருந்தாளாம். மாமாதான் நின்றிருக்கிறார். அம்மா திரும்பி வந்ததும் "முடிஞ்சிடுச்சுக்கா" என்று சொல்லியிருக்கிறார். பேஜாரைக் கிளப்பியவரே இப்போது யோசனையும் சொல்கிறார்: "அக்காகிட்ட வாயத் தொறக்காத. தெரிஞ்சா அம்மனே தடுத்துட்டான்னு குந்திக்கும். ரெண்டாவது தடவைக்கு உன்னை வுடவே வுடாது."

சொல்வது யார் என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் விஷயம் சரிதான். சாமி தடுத்தது என்று அம்மா ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் அழுவாள். அவள் அழுதால் நான் போகமாட்டேன். போகாவிட்டால் அப்பா மாதிரி ஒரு ராத்திரி.

ஆக, ஊருக்கு நான் ஆபரேஷன் முடித்தவன். ஊரில் எல்லோரையும் முகத்துக்கு நேராகப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர்.

மார்ச் 10, திங்கள்

பார்க்க வருகிறார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பன், மறுபடியும் ஹார்லிக்ஸ். அபிதகுசாம்பாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டாள்: "ஐயோ, முகமே வத்திப்போச்சே! பாத்தியா கிருஷ்ணம்மா, அறுத்தவுடனே எப்படி எறங்குது பாரு!" ஒரு கீறல்கூட விழாத இரைப்பையை வைத்துக்கொண்டு நான் முனகினேன். வலிக்குதா என்று கேட்டாள். எங்கே வலிக்க வேண்டும் என்று எனக்கே தெரியாமல் தொப்புளுக்கு மேலே காட்டினேன். அதைப் பார்த்து அவள் புருஷன் தலையாட்டினார்: "அங்கதான் இரைப்பை." உலகத்தில் எல்லோருமே டாக்டர்கள்.

மார்ச் 18, செவ்வாய்

பசி. முழு இரைப்பையும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. வெட்டியிருந்தால் பசி இருக்காதாம். அந்த அதிர்ஷ்டமும் இல்லாமல் வெட்டியவன் மாதிரி நடிக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். இந்த ஊரில் எனக்கு யாரும் சாப்பாடு நீட்டாத முதல் வாரம் இதுதான். தறிக்காரர் வீட்டில் காபிகூடத் தரவில்லை. "அவருக்கு ஆவாது" என்கிறார்கள். நான் கத்திச் சொல்லும்போது கேட்காத காதெல்லாம் கத்தி பட்டது என்றதும் கேட்கிறது. பட்டது என்று பொய் சொன்னதும்.

மார்ச் 26, புதன்

களம்பூர். 134. பீடிக்காரர் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

மாமா வீட்டில் காதுகுத்து. போகவில்லை. திலகவதி அத்தை போன் செய்து, "பாயசமாவது குடிக்கலாமே தம்பி, அது தண்ணிதானே?" என்றாள். போனை வைத்துவிட்டேன். இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், திருத்த முடியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

புதன்கிழமை மறுபடியும் ஆபரேஷன். தையல் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், இரண்டு நாள் தங்கணும் என்று அம்மாவிடம் சொல்ல மாமா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சொல்லிவிட்டு வந்து படுத்துவிட வேண்டியதுதான். முடியவில்லை. மயக்க மருந்திலிருந்து எழுந்திருக்காவிட்டால் அம்மாவுக்குக் கடைசியாகச் சொன்னது ஒரு பொய் என்றாகிவிடும்.

சொன்னேன். வெட்டலை, அன்னைக்கு வெட்டவே இல்லை, மூடிட்டாங்க, மாமாவும் நானும் பொய் சொன்னோம். எல்லாத்தையும். ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டினேன், மூச்சு நிற்கிற அந்தப் பக்கத்தை. அவள் அதைக் கையில் வாங்கவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்."

"யார் சொன்னது?"

"அறுத்த வயிறு இப்டியாடா கத்தும்? கூடத்துல நீ படுத்தா உள்ள எனக்குக் கேக்குது."

சாமி தடுத்ததுன்னு நீ போகவிட மாட்டேன்னு மாமாதான் சொன்னார் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சாமி தடுத்துச்சா, என் தம்பி பொண்டாட்டி ஆக்குன கறி தடுத்துச்சா, எனக்குத் தெரியாது? எந்த வூட்டுக்கு என்னிக்குன்னு நாள் சொன்னவளே நான்தான்." கீரைக் காம்பை வேகமாக ஒடித்தாள். "உங்கப்பாவுக்குக் குறட்டை நின்னப்பவும் நல்லதுன்னுதான் நெனச்சேன். எனக்கு எது நல்லதுன்னு தெரியலடா சுதாகரு. நீ போயி அறுத்துகினு வா."

ஏப்ரல் 18, வெள்ளி

வெட்டியாச்சு. நிஜமான வலி வேற மாதிரி இருக்கு. தொப்புளுக்கு மேல இல்லை. தோள்பட்டையில, வயித்துக்குள்ள அடிச்ச காத்து அங்க ஏறிக்குமாம்.

அம்மா கூடவே இருக்கிறாள். இந்தமுறை கோயிலுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 30, புதன்

அபிதகுசாம்பாள் வந்தாள். "தையல் பிரிச்சாச்சா? இன்னும் ஏன் சோர்வா இருக்க? போன தடவைய விட இப்பதான் மோசமா இருக்க" என்றாள். இந்த ஊரில் இதுவரை யாரும் சொல்லாத உண்மை.

மே 21, புதன்

இன்று முதல்முறை இட்லி. ஒன்று. மசித்து, மெதுவாக, தேக்கரண்டியால். பாதியில் நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொண்டது. வைத்துவிட்டேன்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊட்டவில்லை, இன்னும் ஒரு வாய் என்று சொல்லவில்லை. நான் எழுந்த பிறகு அந்தப் பாதி இட்லியை எடுத்துத் தானே சாப்பிட்டாள். எச்சில்மா, தூக்கிப் போடு என்றேன். "உன் தட்டுல மிச்சம் இருந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.