அம்மா வராத தொடர்

செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

நீ எழுதுகிற டி.வி. தொடரை ஞாயிறுதோறும் விடாமல் பார்க்கிறேன். முடிவில் பெயர்கள் ஓடுகிற வேகத்துக்கு என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு ஈடுகொடுக்காது, அதனால் உன் பெயர் வந்ததும் உன் அண்ணன் மகள் நிறுத்துவாள், நான் எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான் ஓடவிடுவாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி, என்னக்கா, உங்க மக கதையில ரெண்டு பொண்ணுங்க எந்நேரமும் கையைக் கோத்துக்கிட்டே திரியுதுங்க என்று இழுத்தாள், அவ்ளோ பெரிய ஊர்ல கையை விட்டா எங்கே போய்த் தேடுறதாம் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன்.

போன வாரம் அந்த இருவரில் கறுப்பாக இருக்கிற பெண்ணுக்கு வாடகைக்கு வீடு தரவில்லையே, போனில் பேசியபோது காலியாக இருந்த வீடு முகத்தைப் பார்த்ததும் நிரம்பிவிட்டதாம், வீட்டுக்காரனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் அண்ணன் மகள் திரும்பி, பாட்டி, அத்தை அவங்க தோழியைக் கூட்டிட்டு வந்தப்ப நீங்களும் இடமில்லைன்னு தையல்காரி வீட்டுலதானே படுக்க வெச்சீங்க என்றாள். இப்போது உன்னிடம் சொல்கிறேன். இடம் இருந்ததடி. மடக்குக் கட்டிலை நான்தான் கதவுக்குப் பின்னால் சாய்த்துத் துணி போட்டு மூடினேன். உன் தோழியின் நிறத்துக்காகவா, நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்துக்காகவா என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டுக்கும்தான். அது தெரிந்தும் அவள் காலையில் வந்து என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது, கேட்டால் வேலை என்கிறாய். தொடரில் யார் கோபப்பட்டுப் பேசினாலும் எனக்கு உன் குரலாகவே கேட்கிறது, அதற்காகவே ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்கிறேன். ஒன்றுதான் மனசை அறுக்கிறது. அதில் பால்காரன் வருகிறான், பஸ் டிரைவர் வருகிறார், அந்தப் பெண்கள் இருவருக்கும் ஒரு அம்மா மட்டும் வரவே இல்லை. நான் உயிரோடு இருக்கும்போது ஏன் அப்படி எழுதினாய்?

மடக்குக் கட்டிலை எடுத்துத் துடைத்து உன் கட்டிலோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன், நடுவில் இருந்த இடைவெளிக்குக் கம்பளியை மடித்து வைத்தாயிற்று. இரண்டு பேரும் நூறு வயசு நல்லா இருங்கள். நீங்கள் வருகிற தேதியை மறக்காமல் பெரிய எழுத்தில் எழுது.

இப்படிக்கு
உங்கள் இருவருக்கும் அம்மா