நூலில் ஒரு முடிச்சு

அன்பு மனைவிக்கு,

நான் இங்கே குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

ஒரு வேடிக்கை கேள். இங்கே கட்டுகிற வீட்டில் கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்களை நானே மடித்துச் சுவரில் மாட்டினேன். மேல்குழாயின் நுனி கீழ்க்குழாய்க்குள் போகவேண்டும். நான் மாற்றிச் செருகிவிட்டேன். மழை பிடித்தது. கீழே டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் தலையில் இணைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"ஏம்பா, குழாய் மாட்டச் சொன்னா என்னைக் குளிப்பாட்டுறியே!" என்றார். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்துவிட்டது.

திருத்தி மாட்டினேன், அடுத்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. "மிச்சத் தகட்டுல உன் வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சுக்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். வரும்போது துண்டு துண்டாகக் கொண்டுவருகிறேன். இனி நம் வாசலில் சேறு இருக்காது.

அதற்கு அளவு வேண்டும். கூரை விளிம்பிலிருந்து தரைவரை நூல் பிடித்து அனுப்பு. அப்படியே நம் குட்டியைச் சுவரோரம் நிறுத்தி, அவள் உச்சந்தலைக்கு நேராக நூலில் ஒரு முடிச்சுப் போடு. சரியாக அந்த உயரத்தில்தான் குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப் அடிக்கவேண்டுமாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அளக்கும்போது குட்டி போன தடவை மாதிரி குதிகாலைத் தூக்கி ஏமாற்றுவாள், விடாதே.

உன்னவன்