விரல் மேல் விழுந்த பழி

2024 ஜூலை 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஒரு பைக்குக்கு செயின் மாட்டியதோடு சரி. மதியம் அக்கா வீட்டுக்காரர் ரஞ்சித் மாமா நெல்லிவாசலில் இருந்து ஜீப் பிடித்து கிடாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கழுத்தில் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட் எல்லாம் ஸ்ட்ரிங் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்து கிடக்கிறது.

"சென்னைக்கு அனுப்புனா ஆடி முடிஞ்சிதான் வரும். நீ அரம் புடிச்சவன் மோகன், நீயே பாரு."

மாசியில் புளி உலுக்கும்போது மாமா மரத்திலிருந்து விழுந்ததில், இடது கை மோதிர விரலுக்குத் தகடு வைத்தார்கள். இப்போதுதான் மடங்குகிறது. அடிபட்ட பிறகு இதுதான் முதல் கச்சேரி சீசன். நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

கடையில் சுவரெல்லாம் ஈரம். கிடாரை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே சாமை விதை மூட்டை தொங்கும் மூங்கிலில் கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி பச்சையம்மா சந்தேகமாகப் பார்த்தாள். "விதைக்கே ஒண்ணும் ஆவாத எடம், இதுக்கு இன்னா ஆவப் போவுது" என்றேன். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஜூலை 6, சனி

இறக்கிய சூட்டோடு வேலையை முடித்தேன். ஃப்ரெட் தலையில் மார்க்கர் மை பூசி, எல்லாவற்றிலும் மை போகும்வரை தட்டை அரம் ஓட்டினேன். நடுவில் மேடாக இருந்தது, அதிகம் தேய்க்க வேண்டியிருந்தது. கடைசியில் வால்வு பேஸ்ட் போட்டுப் பளபளப்பு ஏற்றினேன். கல்யாணப் பெண் கொலுசு போல மின்னுகிறது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

ஐயோ, கெடுத்துட்டேன்.

ஸ்ட்ரிங் மாட்டி வாசித்தால் நடுவில் எங்கே தொட்டாலும் இரைச்சல். ஏழாவது ஃப்ரெட்டில் சுத்தமாக சத்தமே செத்துப்போகிறது. இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அடுப்புச் சூட்டில் கழுத்து வளைந்திருக்கிறது. வளைந்ததை மேடு என்று நினைத்துத் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். ஆறியதும் கழுத்து நேராகிவிட்டது, மேடு இருந்த இடம் பள்ளம். மரமும் விதையும் ஒண்ணாடா மடையா?

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். வாசித்தார். பாதியில் நிறுத்தினார். கிடாரைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்.

"வெரலு இன்னும் பதியல போல."

தேள் கொட்டின திருடன் மாதிரி நின்றேன். நின்றதோடு விட்டேனா? "பழகப் பழக சரியாய்டும் மாமா"ன்னு வேற சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு

மலைக்குக் கீழே ஒரு அம்மன் கோயில் கச்சேரி. பெட்டி தூக்க நானும் போனேன். தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் மாமா தானே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். கீபோர்டு சுவேதா அந்த இடத்தைச் சமாளித்தது. திரும்பும்போது ஜீப்பில் வழி முழுக்க அந்த விரலையே நீவிக்கொண்டு வந்தார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயில என்ன கொழுக்கட்டையா?

ஜூலை 22

சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன், நாளைக்கு என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

அக்கா போனில் அழுதது. ஆர்கெஸ்ட்ரா நடத்தும் துரைக்கண்ணு அண்ணனிடம், வேற ஆளைப் பார்த்துக்கோங்க என்று மாமா சொல்லிவிட்டாராம். "வெரலு போச்சு, இனிமே இல்லன்றாருடா. சுடுதண்ணில கைய வெச்சிக்குனு செவுத்தையே பாத்துனுகீறாரு."

ஒரு மனுஷன் பிழைப்பையே விடுகிறார். என் கௌரவம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று இரண்டு வாரம் ஓட்டியவன் நான்.

ஜூலை 28, ஞாயிறு

நெல்லிவாசல் போய் எல்லாம் சொல்லிவிட்டேன். அடுப்பு, அரம், பள்ளம், ஒன்றையும் விடவில்லை.

மாமா சிரித்தார். "நீ நல்லவன்டா. என்னைத் தேத்தறதுக்காவ உன் தொழில் மேலயே பழிய போட்டுக்கிற பாரு."

"சத்தியமா மாமா, நான்தான் கெடுத்தேன்."

"சத்தியம்லாம் பண்ணாத, வுடு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்காகக் கோழி அடித்தது. இலையில் அள்ளி அள்ளி வைத்தது. தின்றேன். இதைவிட செருப்பால் அடித்திருக்கலாம். கிளம்பும்போது யாரையும் கேட்காமல் கிடாரை எடுத்துவந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஃப்ரெட் கம்பி போன வாரமே கூரியரில் வந்தது. சால்டரிங் அயர்ன் சூடு காட்டி பழசை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மரம் சில்லு பெயராமல் எடுப்பதற்குள் முதுகு போய்விட்டது. புதுசைத் தட்டி இறக்கி, கழுத்து நேராக இருக்கிறதா என்று தினமும் பார்த்துப் பார்த்துத்தான் அரம் தொட்டேன். இந்த முறை கிடார் இருந்தது பீரோவில், பட்டுப்புடவைக்கு நடுவே.

ஆகஸ்ட் 14

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா தொடவில்லை. அக்கா வாங்கி மூலையில் சாத்தி வைத்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கடை திறப்பதற்குள் மாமா போன், கிடாரை எடுத்து வாசித்துப் பார்த்திருக்கிறார். "இன்னாடா வேலை செஞ்சிருக்க? ஒன்பதாவது ஃப்ரெட்டு செத்துப் போவுது. அரம் புடிக்கத் தெரியாதவன்லாம் எதுக்குடா கடை வெச்சிக்கிற?"

வண்டியை விரட்டினேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் மயிரிழைகூடப் பிசகில்லை. நான் அழுத்திப் பார்த்தேன், மணி மாதிரிப் பேசியது. மாமா வாசித்தார். மோதிர விரல் பாதிதான் இறங்குகிறது. இந்த முறை உண்மையிலேயே விரல்தான்.

ஆனால் மாமா விரலைப் பார்க்கவில்லை. என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா, என் தப்புதான். கொஞ்சம் தூக்கலா நின்னுடுச்சி" என்றேன். அரத்தை எடுத்து, ஃப்ரெட்டில் படாமல் முன்னும் பின்னும் ஓட்டினேன். துணியால் துடைத்தேன். "இப்ப பாருங்க."

வாசித்தார். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். மூன்றாவது தடவை சத்தம் சுத்தமாகக் கேட்டது. விடாமல் அதையே வாசித்துக்கொண்டிருந்தார்.

"இத மொதல்லயே பண்றதுக்கு இன்னாடா?" என்றவர், என் எதிரிலேயே துரைக்கண்ணு அண்ணனுக்குப் போன் போட்டார். "வெரலு நல்லாத்தான்கீது. எங்க மச்சான் பய ஃப்ரெட்டைக் கெடுத்து வெச்சிட்டான். விநாயகர் சதுர்த்திக்கு நான் வர்றேன்."

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்று எனக்கு டீகூடக் கொடுக்கவில்லை.