வலப்பக்கம் வைத்த ஸ்டியரிங்

என் சண்டைக்காரத் தம்பி சிவத்துக்கு,

கார் முடிந்துவிட்டதடா! சுகம் விசாரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை, முதலில் இதைக் கேள். சீசாப் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, தடித்த பின்சில்லு இரண்டையும் ஊன்றிக்கொண்டு, இதோ பாயப்போகிறேன் என்று நிற்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உனக்குச் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

தொடக்கி வைத்தது நீதானே. இங்கே இத்தாலிக்கு வந்த பிறகு, ஒரு வியாழன் பின்னேரம். எனக்கு நான் வேலை செய்கிற சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் அரைநாள் லீவு, நீ மொண்டெல்லோ சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிவிட்டு வந்திருந்தாய். வந்ததும் வராததுமாகப் பழைய அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

“அக்கா, இஞ்சை பார். எங்கட ஏ-40!”

யாழ்ப்பாணத்தில் நீ வாடகைக்கு ஓட்டின அதே உருண்டைக் கார்தான். ஆனால் படத்தில் அதன் முன்சில்லு தரையில் இல்லை.

“எங்கட ஏ-40 எப்பயடா பறந்தது? அது மண்ணெண்ணெயைக் குடிச்சிட்டு இருமிக்கொண்டெல்லோ திரியும்.”

“சண்டைக் காலத்திலை அங்கை பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய். இவங்கள் அதுக்குள்ளை பெரிய எஞ்சினைப் பூட்டி டிராக் ரேஸுக்கு விட்டிருக்கிறாங்கள். நேர் ரோட்டிலை ரெண்டு கார், கால் மைல் தூரம், ஆர் முந்திறதெண்டுதான் போட்டி. நான் இதைச் செய்யப்போறன் அக்கா.”

செய்யப்போறன் என்றால் சின்னதாக, உள்ளங்கையில் வைக்கிற அளவில். அந்தக் காருக்கென்று ஒட்டிச் செய்கிற மொடல் பெட்டி எங்கும் அகப்படவில்லை. நீனோவின் மொடல் கடையில் வேறொரு குட்டி இங்கிலீஷ் காரின் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கிவந்து, கூரையை வெட்டி, மட்கார்டுக்குப் பட்டி போட்டு உருட்டி, தேய்த்து, திரும்பவும் பட்டி போட்டு அதை ஏ-40 ஆக்கினாய். எஞ்சின் இன்னொரு பெட்டியிலிருந்து வந்தது. பொனெட்டின் வளைவு படத்தில் உள்ளதுபோல வரவில்லை என்று எத்தனை பொனெட்டைக் குப்பையில் எறிந்தாய்! அசலைப்போல இல்லாவிட்டால் அது விளையாட்டுச் சாமான் என்பாய். பாவம் வசந்தி, உன்னைக் கட்டின குற்றத்துக்கு வெள்ளைத் தூளைக் கூட்டிக் கூட்டியே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது.

பிறகு மாரியில் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன் சப்பாத்தும் மணிக்கூடும் ஒரு பையில் திரும்பி வந்தன. இதற்கு மேல் அதை எழுத எனக்கு மனமில்லை. உனக்கும் அழுகிற கடிதம் பிடிக்காது.

அரைகுறையாக நின்ற காரை நான் எடுத்தேன். வசந்திதான் தந்தாள். ஏன் சிரிக்கிறாய்? சிஞ்ஞோராவின் வெள்ளிச் சாமானெல்லாம் மினுக்கின கை இது, ஒரு பொம்மைக் காருக்குப் பெயின்ட் அடிக்காதா? முதல் தடவை பெயின்ட் வழிந்தது, ஒத்துக்கொள்கிறேன். உரித்துப்போட்டுத் திரும்ப அடித்தேன். இப்போது அந்தச் சிவப்பைப் பார்த்தால் நாக்கில் வைக்கலாம்போல இருக்கிறது.

கடைசி வேலை, ஓட்டுகிறவனை இருத்திவிட்டு முன்கண்ணாடியை ஒட்டுவது. நீ செய்த சீட்டில் ஹெல்மெட்காரனை இருத்தி, படத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தேன். என்னவோ இடித்தது. படத்தில் அவன் தலை இடப்பக்கம், எங்கள் காரில் வலப்பக்கம். டேய் சிவம்! அமெரிக்காக்காரன் இடப்பக்கம் இருந்தல்லவா ஓட்டுவான்! சிவப்பு ஒரு பொட்டு மங்கினாலும் கடைக்குத் திரும்பி ஓடுகிறவன் நீ. ஆனால் ஏ-40 என்றதும் உன் கை தன்பாட்டில் யாழ்ப்பாணத்துப் பக்கம் போய்விட்டது. ஸ்டியரிங், டாஷ்போர்ட், தக்காளிப் பசைக் குழாயை வெட்டி நீ செய்த மூன்று பெடல், எல்லாமே வலப்பக்கம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முன்பு உன் கை கடைசியாகச் செய்தது அந்த உள்பக்கம்தான். சரியாக்குவதென்றால் அதைத்தான் வெட்ட வேண்டும். வெட்டுகிறபோது உடைந்தால், உடைந்ததுதான்.

வசந்திக்குக் காட்டினேன். அவள் முகம் கறுத்துப்போனது.

“மச்சாள், அதிலை கை வைக்காதேங்கோ. காரைச் சுத்தி முழுக்க உங்கட பெயின்ட். உள்ளுக்கு மட்டும்தான் அவர் விட்டது விட்டபடி கிடக்கு.”

“பிழையாய் இருக்கடி.”

“இருக்கட்டும். கண்ணாடியை ஒட்டி விடுங்கோ. ஆர் குனிஞ்சு பாக்கப்போகினம்?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பகேரியாவில் மொடல்காரர்களின் கண்காட்சி வருகிறது, காரைக் கொண்டுவா என்று நீனோ சொல்லியிருந்தார். அவரிடம் கேட்டேன். அவரும் தோளைக் குலுக்கி, விட்டுவிடு அம்மா, இறந்தவரின் கை வேலை என்றார். எல்லோரும் உனக்கு இரக்கம் காட்டினார்கள். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை. கண்ணாடிப் பசையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வசந்தி என்னோடு கதைக்காமல் விட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை அவளாகவே வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள், இருக்கவுமில்லை. காரைக் கையில் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“மச்சாள், இவர் உயிரோடை இருந்து இந்தப் பிழையைக் கண்டிருந்தா?”

“தலையிலை அடிச்சுக்கொண்டு பிச்சு எறிஞ்சிருப்பான்.”

“ஓம். செத்துப்போன மனுசன் எண்டதுக்காக நாங்கள் இப்ப அவரை ஏமாத்துறம், என்ன?”

அப்போதுதான் என் கோபத்தின் காரணம் எனக்கே விளங்கியது. நான் பிளேட் கத்தியை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

“அவர் விட்ட பிழை. நான்தான் வெட்டுவன்.”

தம்பி, அவள் வெட்டினதை நீ பார்த்திருக்க வேண்டும்! மூச்சுக்கூட விடவில்லை. நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நின்றேன். டாஷ்போர்ட் இரண்டாக உடைந்தது. அவள் கண் நிறைந்தது, ஆனால் கை நிற்கவில்லை. ஸ்டியரிங் கழன்றது. பெடல் மூன்றும் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. “இவ்வளவு வடிவாச் செய்துபோட்டு, எந்தப் பக்கம் எண்டு பாக்கேல்லையே இந்த மனுசன்!” என்று அவள் சிரித்தாளே, நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். புது டாஷ்போர்ட் அவள் செய்தது, தயிர்க் கோப்பையை வெட்டி. பெடல்களை இடப்பக்கம் நான் ஒட்டினேன். ஹெல்மெட்காரன் மாறி இருந்ததும் கார் சட்டென்று படத்தில் உள்ள காராகிவிட்டது. இரண்டு பேரும் குசினிக்குள் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக் கிழவி தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடித்தாள்.

பகேரியாவுக்கு ரயிலில் போனோம். வசந்தி பெட்டியை மடியில் வைத்து, பிள்ளையைப் பிடிக்கிறதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் நடுவர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து, கண்ணாடியூடாக டோர்ச் அடித்து உள்ளேதான் முதலில் பார்த்தார்! நான் வசந்தியைக் கிள்ளினேன். பரிசு ஒரு சாம்பல் நிறப் போர்க்கப்பலுக்குப் போனது. கப்பலாம்! அது போகட்டும். அந்த மனிதர் பெடல்களைவிட்டு டோர்ச்சை எடுக்காமல், இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

நீ போன நாளிலிருந்து புருஷன் என்ற சொல் வருகிற இடமெல்லாம் எழும்பிப் போகிற வசந்தி, நாலு பேருக்கு முன்னால் இத்தாலியனில் வாய் திறக்கவே வெட்கப்படுகிற வசந்தி, “என் புருஷன்” என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னாள்.

அடுத்த காரையும் அவளே தெரிவுசெய்துவிட்டாள். நீளமாய், ஒல்லியாய் ஒன்று. ஓட்டுகிறவன் நடுவில் இருப்பானாம், இடமா வலமா என்ற சண்டையே இல்லையாம். என்றாலும் நாங்கள் ஏதாவதொரு பிழை விடத்தான் போகிறோம். அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கேள். நான் விட்ட பிழையை அவள் வெட்டுவாள், அவள் விட்டதை நான் வெட்டுவேன். பாவம் பார்த்து ஒருவரும் கண்ணாடியை ஒட்டி மூடமாட்டோம்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டுவதை இன்னும் நிறுத்தாத,
உன் அக்கா