பூஷார் என்கிற லாலிபெர்தே

11 ஜனவரி 1970, ஆஹென், ஜெர்மனி

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆய்வகக் குறிப்புக்கென்று வாங்கிய நோட்டு இது. சொல்ல வேறு ஆளில்லை.

ஃப்ராவ் பிராண்ட் இன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பல்கலைக்கழக உணவகத்தில் பரிமாறுகிற அம்மாள். என் அடையாள அட்டையில் லாலிபெர்தே என்ற பெயரைப் பார்த்துத்தான் தன் வீட்டில் அறை கொடுத்தார். அவருடைய அப்பாவும் லாலிபெர்தேயாம். முதல் போர் முடிந்து ரைன் கரையில் தங்கியிருந்த கனடாப் படையில், பிரெஞ்சு பேசிய சிப்பாய். இவர் பிறக்குமுன்பே ஊர் திரும்பிவிட்டார். ஐம்பது வயதில் இவர் கேட்பது ஒன்றுதான்: நான் யாருடைய பெண்?

"அந்தக் குடும்பத்தில் எவனோ இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறான். நீ அவன் வழி."

வாசல் அழைப்பு மணியருகே எங்கள் இருவர் பெயரையும் ஒரே அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். நான் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

18 ஜனவரி

கிரிஜா வந்தாள். மெட்ராஸ்காரி, என் வகுப்பு.

"ஏன்டி, லாலிபெர்தேன்னா சாக்லேட் பேரு மாதிரி இருக்கு. பாண்டிச்சேரில நீங்கள்லாம் யாரு?"

அந்த 'யாரு'வுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"டீ ஆறிடும், குடி."

என் கொள்ளுத்தாத்தா செருப்புத் தைத்தவர். சாதியைச் சேர்த்துக் கூப்பிட்ட பெயரை உதற, பிரெஞ்சுச் சட்டம் வழிவிட்டதும் போய் இந்தப் பெயரை எழுதிக்கொண்டார். விடுதலை என்று பொருள். இதில் ரத்தமும் இல்லை, கப்பலும் இல்லை.

3 பிப்ரவரி

கறிக்கடையில் எல்லார் முன்னாலும் ஃப்ராவ் பிராண்ட் சொன்னார்: "இவள் என் அப்பா வழிச் சொந்தம்." அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

கிரிஜாவிடம் பாதி சொன்னேன். "வாயை மூடிண்டு இரு. நம்ம கலருக்கு இந்த ஊர்ல யாருடி ரூம் தருவா?" என்றாள்.

4 பிப்ரவரி

ஃப்ராவ் பிராண்டிடம் சொல்லிவிட்டேன். செருப்பையும் சேர்த்து.

"அப்படியானால் எனக்கு யாருமில்லை" என்றார். அவ்வளவுதான்.

5 பிப்ரவரி

மணியருகே புது அட்டை. பிராண்ட் மட்டும்.

14 பிப்ரவரி

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். வீடு வீடாகப் போகிறேன். கதவு திறக்கிறது, என் முகத்தைப் பார்க்கிறது, அறை போய்விட்டது என்கிறது. மணியில் பெயர் இல்லாததால் தபால்காரர் என் கடிதங்களைத் திருப்பி அனுப்புகிறார். அப்பா என்ன நினைப்பார்? செத்துட்டேன்னா?

ஏன் சொன்னேன்? யார் கேட்டா? தலையாட்டிட்டு இருந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? — இல்லை. அந்தக் கறிக்கடை முகத்தைத் தினமும் பார்க்க முடியாது.

22 பிப்ரவரி

ஃப்ராவ் பிராண்ட் எழுதிக் கேட்டதற்கு, கனடாவின் கெபெக்கிலிருந்து அவருடைய அப்பாவின் ஊர்ப் பாதிரியார் பதில் அனுப்பியிருக்கிறார், பிரெஞ்சில். படித்துச் சொல்ல என்னைக் கேட்கவில்லை. அகராதியோடு தனியாக மல்லுக்கட்டினார். சமையலறையில் ஏதோ உடைந்தது. போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் இறந்து வருஷக்கணக்காகிறது. அவர் பெயரும் பொய். தலைமுறையில் மேலே போனால் எல்லாரும் பூஷார். பூஷார் சொன்னார் லாலிபெர்தே, பூஷார் சொன்னார் லாலிபெர்தே... யாரிடம் சொன்னார்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பெயருக்கும் நடுவே 'தி' என்ற சொல். அகராதியில் அது 'சொன்னார்'தான். ஆனால் நம் ஊர்ப் பத்திரத்தில் 'முனியன் என்கிற சின்னப்பன்' என்று எழுதுவார்களே, அந்த 'என்கிற'தான் இது. பூஷார் என்கிற லாலிபெர்தே. வம்சத்தின் முதல் ஆள், பிரெஞ்சு மன்னரின் சிப்பாயாகக் கனடாவுக்குப் போனவன் என்றது கடிதம். படையில் வைத்துக்கொண்ட பெயர் பிள்ளைகளுக்கு நிலைத்துவிட்டது.

கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நானும் உட்கார்ந்து சொன்னேன்: "பொய் இல்லை, ஃப்ராவ் பிராண்ட். உங்கள் வம்சத்திலும் இந்தப் பெயரோடு யாரும் பிறக்கவில்லை. ஒருவன் எடுத்துப் போட்டுக்கொண்டான்."

"உன் செருப்புக்காரரைப் போலவா?"

"அவரைப் போலத்தான்."

அழுதாரா சிரித்தாரா, தெரியவில்லை. தாளை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

28 பிப்ரவரி

பெட்டியோடு கீழே இறங்கினேன். எங்கே போவதென்று தெரியாது. ரயில் நிலையம், பிறகு பார்க்கலாம்.

வாசலில் ஃப்ராவ் பிராண்ட் புது அட்டையைச் செருகிக்கொண்டிருந்தார். ஹெல்கா பிராண்ட் என்கிற லாலிபெர்தே. அந்த 'தி'யைப் பிரெஞ்சிலேயே எழுதியிருந்தார். அதன் கீழே வெள்ளையாக ஒரு வரி இடம். பேனாவை இன்னும் மூடவில்லை. என் பெட்டியைப் பார்த்தார்.

இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"கீழே என் பெயரையும் எழுதுவீர்களா?"