ரீஸ்டார்ட் ஆகும்வரை

செப்டம்பர் 3

டிக்கெட் விற்கும் எங்கள் சர்வர் இன்று மதியம் படுத்துவிட்டது. லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் 1024 கோப்புகளைத்தான் திறந்து வைத்திருக்கலாம். நாமாக உயர்த்தாதவரை அதுதான் வரம்பு. உள்ளே வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அதன் கணக்கில் ஒரு கோப்பு. உயர்த்த அனுமதி கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கொடுக்காத மேலாளர் இன்று முதலாளியிடம், “இவன்கிட்ட அப்பவே சொன்னேன் சார். தூங்கிட்டான்” என்றார்.

நான் தூங்கிட்டேனாம்.

வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று. மேலாளருக்கு இன்றுமுதல் இந்தக் குறிப்பில் ‘மேதை’ என்று பெயர்.

செப்டம்பர் 4

மேதை தன் கையாலேயே வரம்பை உயர்த்தினார். தான் திறந்திருந்த திரையில் அறுபத்தையாயிரம் என்று அடித்து, அங்கிருந்தே புரோகிராமைக் கிளப்பிவிட்டார். அடுத்த ரீஸ்டார்ட் வரைதான் அதற்கு ஆயுள். பிறகு இயந்திரமே புரோகிராமைக் கிளப்பும், பழைய 1024-உடன். நிரந்தரமாக நிற்க, அந்தப் புரோகிராமின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

“பாத்துக்கோ, வேலைன்னா இப்படி இருக்கணும்” என்றார்.

பார்த்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 11

சர்வர் நலம். இவ்வளவு பாசத்தோடு நான் எதையும் கவனித்ததில்லை.

செப்டம்பர் 19

பாதுகாப்பு அப்டேட்டுக்காக நாளைக் காலை எல்லாச் சர்வர்களையும் ரீஸ்டார்ட் செய்ய மேதையின் உத்தரவு. நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். “என்ன விசேஷம்?” என்றாள் மனைவி. அதே கம்பெனியில், மேல்மாடியில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவள். ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 20

விற்பனை திறந்தது. சர்வர் கவிழ்ந்தது. மேதைக்கு வியர்த்து ஊற்ற, முதலாளி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மாலையில்தான் எழுந்துபோய் அந்த ஒரு வரியை எழுதிக் காட்டினேன். “இதுகூடத் தெரியாதா?” என்றார் முதலாளி. என்னிடம் அல்ல.

வீட்டுக்கு வந்தால் மனைவிக்குக் குரலே இல்லை. நாள் முழுக்க ஊராரின் ஏச்சு. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காற்றாக, “உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?”

போன் அவகிட்டதானே போகும் — அது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?

செப்டம்பர் 29

மேதையின் நாற்காலி எனக்கு வந்துவிட்டது. உயரத்தைச் சரிசெய்துகொண்டேன். வரம்பு அறுபத்தையாயிரம், ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன், நிற்கிறது.

மனைவிக்குக் குரல் திரும்பிவிட்டதாம். மேல்மாடியில் சொன்னார்கள்.